அடி இரு பக்கமும், செலவு ஒரு பக்கம்: பதின்வயதுக் கோஷ்டிக் கதை எழுதுவோருக்கு

இரண்டு பையன் கூட்டங்கள் மோதிக்கொள்ளும் கதைக்கு எந்தக் காலத்திலும் பஞ்சமில்லை. கல்லூரி மலர் தொடங்கி வெப் சீரிஸ் வரை வந்துகொண்டே இருக்கிறது. ஒரு பக்கம் பழைய பைக், மறுபக்கம் புதுக் கார். நடுவே ஒரு பெண். இடைவேளையில் ஒரு குத்து, கடைசியில் ஒரு சாவு, அதன்மேல் ஒரு கைகுலுக்கல். எழுதுகிறவர் இதை வர்க்கத்தைப் பற்றிய கதை என்று நம்புகிறார். பெரும்பாலும் அது உடையைப் பற்றிய கதையாகவே நின்றுவிடுகிறது.

இந்த வகைக்கு இன்றும் அளவுகோலாக இருப்பது எஸ்.இ. ஹின்டன் எழுதிய ‘தி அவுட்சைடர்ஸ்’. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் டல்சா என்ற எண்ணெய்ப் பண நகரத்தில் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பெண் எழுதியது, 1967இல் வெளிவந்தது. ஊரின் கிழக்குப் பக்கத்து ஏழைப் பையன்கள் ‘கிரீசர்’கள்: தலையில் எண்ணெய்ப் பசை, நீள முடி. மேற்குப் பக்கத்துப் பணக்காரப் பையன்கள் ‘சோஷ்’கள்: மஸ்டாங் கார், நல்ல சட்டை. பதினான்கு வயதுக் கிரீசர் போனிபாய் கதை சொல்கிறான். சோஷ்கள் சிலர் அவனைப் பூங்கா நீரூற்றில் அமுக்கிக் கொல்லப் பார்க்கும்போது நண்பன் ஜானி கத்தியால் குத்த, பாப் என்ற சோஷ் செத்துப்போகிறான். மீதிக் கதை அதன் விளைவு.

கீழே உள்ளவை அந்த நாவலையும் அதன் உறவுக்கார நூல்கள், படங்கள் சிலவற்றையும் வைத்துச் சொல்பவை. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான்: அடி இரு பக்கமும் விழுகிறது, சரி, அதன் செலவைக் கட்டுவது யார்?

செய்ய வேண்டியவை

முதல் அத்தியாயத்துக்கு முன்பே செலவுக் கணக்கைப் போட்டுவிடுங்கள். உங்கள் கதையில் ஒரு பையன் பிடிபட்டால் அவனுக்கு என்ன போகும்? எதிர்ப் பக்கத்துப் பையன் பிடிபட்டால் என்ன போகும்? இரண்டு பதிலும் ஒன்றாக இருந்தால் உங்களிடம் இருப்பது இரண்டு அணிகள். இரண்டு வர்க்கங்கள் இல்லை. போனிபாயின் பெற்றோர் கார் விபத்தில் இறந்துவிட்டார்கள். இருபது வயது அண்ணன் டாரி கூரை வேயும் வேலைக்குப் போய்த் தம்பிகளை வளர்க்கிறான். கல்லூரிக்குப் போயிருக்க வேண்டியவன். நடு அண்ணன் சோடாபாப் படிப்பை விட்டுவிட்டு பெட்ரோல் பங்கில் நிற்கிறான். தம்பிகள் வம்பில் மாட்டினால் அரசாங்கம் அவர்களை விடுதிக்குக் கொண்டுபோய்விடும். ஆகவே ஒரு சின்னத் தெருச் சண்டையும் இந்த வீட்டுக்குக் குடும்பம் கலையும் பிரச்சினை. விசாரணை நாளில் நீதிபதி போனிபாயிடம் அவன் வீட்டைப் பற்றியும் படிப்பைப் பற்றியும் கேட்கிறார். பாப் செத்த இரவில் காரில் பூங்காவுக்குத் தேடி வந்தவர்களின் வீடு நல்ல வீடா என்று எந்த நீதிபதியும் விசாரித்ததாகக் கதையில் இல்லை. இந்த ஏற்பாட்டை ஹின்டன் சத்தம்போட்டுச் சொல்வதில்லை. விசாரணை முடிகிறது, போனிபாய் வீட்டுக்குப் போகிறான், அவ்வளவுதான்.

இதையே இன்னும் சின்னக் கணக்கிலும் காட்டலாம். லூயி பெர்கோ என்ற பிரெஞ்சு எழுத்தாளர் 1912இல் எழுதிய ‘பொத்தான் போர்’ நாவலில் இரண்டு கிராமத்துச் சிறுவர்கள் மோதுகிறார்கள். பிடிபட்டவனின் சட்டை, கால்சட்டைப் பொத்தான்களை அறுத்துவிடுவதுதான் தண்டனை. பொத்தான் போனவன் வீட்டில் அடி வாங்குவான், ஏனென்றால் பொத்தானுக்குக் காசு வேண்டும். அதற்காகப் பையன்கள் ஒருநாள் துணியே இல்லாமல் சண்டைக்குப் போகிறார்கள். சிரிப்பு வரும் காட்சி. ஆனால் துணியைக் காப்பாற்ற உடம்பைக் கொடுக்கும் கணக்கை அதைவிடச் சுருக்கமாகச் சொன்ன பக்கத்தை நான் படித்ததில்லை.

பொருள்களைத் தேடுங்கள், விலையோடு தேடுங்கள். ‘தி அவுட்சைடர்ஸ்’ நாவலின் தொடக்கத்தில் சினிமா முடிந்து தனியாக நடந்துவரும் போனிபாயை மடக்கும் சோஷ்களில் ஒருவன் நீல நிற ‘மெட்ராஸ்’ சட்டை போட்டிருக்கிறான். போனிபாய்க்கு அந்தச் சட்டை மறப்பதே இல்லை. நம் கைத்தறிக் கட்டம் போட்ட பருத்தித் துணிதான் அது. இங்கே லுங்கியாக உழைப்பாளி இடுப்பில் இருந்த கட்டம், ஐம்பதுகளின் கடைசியிலும் அறுபதுகளிலும் அமெரிக்கப் பணக்காரக் கல்லூரிப் பையன்களின் கோடைச் சட்டையானது. துவைத்தால் சாயம் போகும் என்பதையே ஒரு பெருமையாக விளம்பரம் செய்து விற்றார்கள். நம் ஊரில் சாயம் போனால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவோம்! எந்தப் பொருளும் தன்னளவில் மேல்தட்டும் இல்லை, கீழ்த்தட்டும் இல்லை. யாரால் எங்கே வாங்க முடிகிறது என்பதே அதன் தகுதியை முடிவுசெய்கிறது. அந்தச் சட்டையும் காரும் கிரீசர்களுக்கு எட்டாதவை. தலைமுடி மட்டும் செலவில்லாமல் வளரும். அதனால்தான் பாப் செத்த பிறகு தலைமறைவாக இருக்கும்போது அடையாளம் தெரியாமலிருக்க முடியை வெட்டிச் சாயம் ஏற்றும் காட்சியில் போனிபாய் அவ்வளவு நொந்துபோகிறான். அவன் காசு கொடுக்காமல் வைத்திருந்த ஒரே சொத்து போகிறது.

இரு தரப்பும் ஒரே கூரையின் கீழ் உட்கார வேண்டிய இடம் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். தெருமுனைச் சண்டையில் வர்க்கம் பாதிதான் தெரியும். வகுப்பறையில் முழுதாகத் தெரியும். போனிபாய் நன்றாகப் படிக்கிறவன், ஓட்டப்பந்தய வீரன். அதனால் கெட்டிக்கார வகுப்பில் சோஷ்களோடு சேர்த்து உட்காரவைக்கப்படுகிறான். உயிரியல் வகுப்பில் புழுவை அறுக்கக் கொடுத்த கருவி மழுங்கலாக இருக்க, யோசிக்காமல் பையிலிருந்து தன் பட்டன் கத்தியை எடுத்து விரிக்கிறான். பக்கத்துப் பெண் மிரண்டுபோய், ஊர் உன்னைப் பற்றிச் சொல்வது சரிதான் என்கிறாள். படிப்பில் அவளுக்குச் சமமாக வந்து உட்கார்ந்தவனைக் கைப்பழக்கம் ஒன்று பழைய இடத்துக்கே திருப்பி அனுப்பிவிடுகிறது. இந்த மாதிரி ஒரு காட்சி உங்களிடம் இருந்தால் மூன்று சண்டைக் காட்சிகளை வெட்டிவிடலாம்.

ஒரே தரப்புக்குள் இருக்கும் ஏணியையும் காட்டுங்கள். ஏழைகள் எல்லோரும் ஒரே பாயில் படுப்பதாக எழுதுவது தூரத்திலிருந்து பார்க்கிறவரின் பழக்கம். கிரீசர்களும் சோஷ்களும் மோதும் பெரிய சண்டைக்கு முன் மற்றப் பகுதிக் கிரீசர் கூட்டங்களும் வந்து நிற்கின்றன. அவர்களில் சிலர் உண்மையாகவே ரவுடிகள். அவர்களைப் பார்த்ததும் போனிபாய்க்கு, நாம் இவர்களைச் சேர்ந்தவர்கள்தானா என்று உறுத்துகிறது. யாருக்காகச் சண்டைபோட வந்தானோ அவர்கள் நடுவிலேயே அவனுக்கு ஒட்டவில்லை.

இந்த ஏணியைப் பற்றி எழுத விரும்புகிறவர்கள் ஃபெரென்ஸ் மோல்னாரின் ‘பவுல் தெருப் பையன்கள்’ நாவலைத் தேடிப் படிக்க வேண்டும். 1907இல் நூலாக வந்த ஹங்கேரிய நாவல். களம் புடாபெஸ்ட் நகரம். மரக்கிடங்கை ஒட்டிய காலி மனை ஒன்று பவுல் தெருப் பையன்களின் கோட்டை. தாவரவியல் பூங்காவைப் பிடித்துவைத்திருக்கும் ‘செஞ்சட்டை’க் கூட்டத்துக்கு அந்த மனை வேண்டும், பந்து விளையாட. பவுல் தெருப் படையில் எல்லோரும் அதிகாரிகள்: தளபதி, கேப்டன், லெப்டினன்ட். சிப்பாய் ஒரே ஒருவன், நெமெச்செக். எல்லோருக்கும் சலாம் போடுகிறவன் அவன்தான். அவன் ஏழைத் தையற்காரரின் மகன். தகப்பன் தொழிலால் அவனைச் சிப்பாயாக்கினோம் என்று அந்தப் பையன்களில் ஒருவனும் சொல்வதில்லை, நினைப்பதும் இல்லை. விளையாட்டில் பதவிகளைப் பங்கிட்டபோது அப்படி அமைந்துவிட்டது, அவ்வளவுதான். பதின்வயதுக் கூட்டத்துக்குள் வர்க்கம் இப்படித்தான் நுழைகிறது. பையன்கள் நடத்தும் சங்கத்தின் பதிவேட்டில், துரோகி என்று தவறாக எண்ணி, அவன் பெயரைச் சிற்றெழுத்தில் எழுதிவைக்கிறார்கள். அந்த மொழியில் பெயருக்கு முதலெழுத்து பெரிதாக வர வேண்டும். அது கூட அவனுக்குக் கிடையாது. மனைக்காகத் திரும்பத் திரும்பத் தண்ணீரில் நனைந்து காய்ச்சலில் விழுகிறவனும் அவனே. அவன் கிடக்கும்போது தையற்காரரின் வாடிக்கையாளர் அளவு பார்க்க வந்து நிற்கிறார். தகப்பன் அழுதுகொண்டே அவருக்குக் கோட்டைப் போட்டுப் பார்க்கிறார். வேலையை விட முடியாது.

பழைய சிநேகம் ஒன்றை உள்ளே வையுங்கள். ‘தி அவுட்சைடர்ஸ்’ நாவலின் பெரிய சண்டையில் முதலில் எதிரெதிரே நிற்பவர்கள் டாரியும் ஒரு சோஷும். பள்ளிக் கால்பந்து அணியில் ஒன்றாக ஆடியவர்கள். ஒருவன் கல்லூரியில், ஒருவன் கூரைமேல். இருவருக்கும் நடுவில் வேறு எந்தப் பகையும் தேவைப்படவில்லை.

கூட்டம் ஏன் தேவைப்படுகிறது என்பதை வீட்டிலிருந்து காட்டுங்கள். ஜானியை அப்பா அடிக்கிறார், அம்மா கண்டுகொள்வதில்லை. சில இரவுகளில் காலி மனையில் படுத்துக்கொள்கிறான். அவனுக்குக் கூட்டம்தான் வீடு. பணக்காரப் பையனுக்கும் கூட்டம் வேண்டும்தான், ஆனால் கூட்டம் கைவிட்டாலும் படுக்க அவனுக்கு ஓர் அறை இருக்கிறது. ‘சேர்ந்திருப்பது’ என்ற ஒரே சொல்லை இருவருக்கும் ஒரே எடையில் பயன்படுத்திவிடாதீர்கள்.

நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று விசாரியுங்கள். பையன்கள் உயிரைக் கொடுத்துக் காக்கும் இடம் பெரும்பாலும் அவர்களுடையதாக இருப்பதில்லை. நெமெச்செக் இறந்த பிறகு தளபதி போகாவுக்குத் தெரியவருகிறது, அந்த மனையில் மாடி வீடு கட்டப்போகிறார்கள் என்று. 1957இல் மேடையேறிய ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’யில் நியூயார்க்கின் ஜெட்ஸ், ஷார்க்ஸ் கூட்டங்கள் தெருக்களுக்காக மோதுகின்றன. 2021இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் எடுத்த படம் தொடங்குவதே இடிபாடுகளில். லிங்கன் சென்டர் கலையரங்க வளாகத்துக்காக அந்தக் குடியிருப்புகளை இடித்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு ஏழைக் கூட்டங்களும் அடித்துக்கொள்ளும் தெரு இரண்டுக்குமே மிஞ்சப்போவதில்லை. பழைய கதைக்கு அந்தப் படம் கொடுத்த ஆகச் சிறந்த சேர்க்கை இதுதான் என்பேன். உங்கள் கதையில் பையன்கள் மோதும் மைதானம் புறம்போக்கா, கோயில் நிலமா, யாராவது வளைத்துப் போட்டதா? தாலுகா அலுவலகக் கேள்வி மாதிரி இருக்கும், ஆனாலும் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

செய்யக்கூடாதவை

‘எல்லோருக்கும் கஷ்டம்தான்’ என்று முடித்துவிடாதீர்கள். இந்த வகைக் கதைகளின் பெரிய சறுக்கல் இதுதான். ‘தி அவுட்சைடர்ஸ்’ கூட இதன் விளிம்பில் நடக்கிறது. சோஷ் பெண்ணான செர்ரி, வாழ்க்கை எந்தப் பக்கத்திலும் சுலபமில்லை, எங்கள் துன்பம் வேறு மாதிரி என்கிறாள். இரு பக்கமிருந்தும் பார்க்கும் அந்தி ஒன்றே என்ற எண்ணமும் அவளுக்கும் போனிபாய்க்கும் இடையே வருகிறது. அழகான எண்ணம். பள்ளிகளில் இந்த நாவலைப் பாடமாக வைக்கிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் கரும்பலகையில் எழுதிப்போடுகிறார்கள்.

ஆனால் அதே செர்ரி, பள்ளியில் உன்னைப் பார்த்தால் பேசாமல் போய்விடுவேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே என்றும் போனிபாயிடம் சொல்கிறாள். அந்தியைப் பங்கிடலாம், வணக்கத்தைப் பங்கிட முடியாது. பின்னால் ராண்டி என்ற சோஷ் தன் காரில் உட்கார்ந்தபடி இன்னும் தெளிவாகச் சொல்கிறான்: நீங்கள் ஜெயித்தாலும் தோற்றாலும் நீங்கள் இருந்த இடத்தில்தான் இருப்பீர்கள், நாங்கள் மேலேதான் இருப்போம். சலித்துப்போன அவன் சண்டைக்கு வரப்போவதில்லை. வராமல் இருக்க அவனால் முடிகிறது. போனிபாயோ காய்ச்சலோடு மாத்திரை விழுங்கிவிட்டுச் சண்டைக்குப் போகிறான். சண்டையிலிருந்து விலகிக்கொள்ளும் வசதிகூடச் சொத்துதான். நாவல் ஒரு வரியில் சமாதானம் சொன்னாலும் அதன் சம்பவங்கள் அந்தச் சமாதானத்தை ஏற்கவில்லை. நீங்கள் எழுதும்போது சம்பவத்தின் பக்கம் நில்லுங்கள். யாராவது ஒரு பாத்திரம் ‘எல்லோரும் மனிதர்கள்தானே’ என்று சொல்லித்தான் ஆக வேண்டுமென்றால் சொல்லட்டும். கதாசிரியர் அதற்குத் தலையாட்ட வேண்டாம்.

இதற்கு எதிர்ப்பக்கமும் போய்விடாதீர்கள். பணக்காரப் பையனைப் பல்லைக் கடிக்கும் பொம்மையாக்கினால் வர்க்கம் தப்பித்துக்கொள்ளும், அவன் கெட்ட குணம் மாட்டிக்கொள்ளும். பாப் கொடியவனாக வருகிறான், விரல் நிறைய மோதிரம் போட்டு ஜானியின் முகத்தைக் கிழித்தவன். இறந்த பிறகு நண்பன் வாயிலாகத் தெரியவருகிறது: அவன் பெற்றோர் ஒருமுறைகூட அவனுக்கு ‘கூடாது’ என்று சொன்னதில்லை, யாராவது சொல்ல மாட்டார்களா என்று அவன் எதிர்பார்த்துக்கொண்டிருந்தான். இதனால் அவன் நல்லவனாகிவிடுவதில்லை. செலவில்லாத வாழ்க்கை ஒரு பையனை என்ன செய்யும் என்பது தெரிகிறது.

வேறு பிளவுகளுக்கு வர்க்கம் என்று பெயர் ஒட்டாதீர்கள். ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’யின் இரண்டு கூட்டமும் ஏழைகள்; அங்கே கோடு கிழிப்பது போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர்கள் என்ற இன வேறுபாடு. முதலில் அதைக் கத்தோலிக்கர், யூதர் மோதலாகத்தான் யோசித்திருந்தார்கள். ‘தி அவுட்சைடர்ஸ்’ நாவலிலோ நிறம் பற்றிய பேச்சே கிடையாது. 1921இல் வெள்ளைக் கும்பல் கிரீன்வுட் என்ற கறுப்பர் பகுதியையே எரித்தழித்த நகரத்தில் வளர்ந்தவரின் நாவல் அது. கிழக்கு, மேற்கு என்று பங்கிடப்பட்ட அந்த ஊர்ப் படத்தில் கறுப்பர்களுக்கு இடமே இல்லை என்பதை இன்று படிக்கிறவர் கவனிக்காமல் இருக்க முடியாது.

தமிழில் எழுதுகிறவருக்கு இது இன்னும் கூர்மையான எச்சரிக்கை. கிரீசரையும் சோஷையும் பெயர் மாற்றித் திருநெல்வேலிப் பள்ளிக்கூடம் ஒன்றில் இறக்கிவிட்டு ‘ஏழை, பணக்காரன்’ என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். அங்கே பையன்களின் மணிக்கட்டில் இருக்கும் வண்ணக் கயிறு வருமானத்தைச் சொல்வதில்லை. 2023இல் நாங்குநேரியில் ஒரு மாணவர் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024இல் கொடுத்த அறிக்கையில் அந்தக் கயிறுகளையும் தடைசெய்யச் சொன்னது. அந்தக் கதையை எழுத வேண்டுமென்றால் சாதி என்று பெயர் சொல்லி எழுதுங்கள். அமெரிக்க நாவல் உங்களுக்கு முறையைக் கடன் தரலாம், பெயரைக் கடன் தராது.

ஏழ்மைக்கு மேக்கப் போடாதீர்கள். 1983இல் ஃபிரான்சிஸ் ஃபோர்ட் கொப்போலா ‘தி அவுட்சைடர்ஸ்’ நாவலைப் படமாக்கினார். கலிபோர்னியாவில் ஒரு பள்ளி நூலகரும் மாணவர்களும் எழுதிய கடிதம்தான் தூண்டுதல். பாட்ரிக் ஸ்வேஸி, மாட் டிலன், டாம் குரூஸ் எல்லோரும் கிரீசர்கள். இத்தனை அழகான ஏழைகளை ஒரே சட்டகத்தில் வேறெங்கும் பார்ப்பது கடினம். ஆனால் கொப்போலா ஒரு நல்ல தந்திரமும் செய்தார். படப்பிடிப்பில் சோஷ்களாக நடித்தவர்களுக்கு வசதியான தங்குமிடம், தோல் அட்டை போட்ட திரைக்கதைப் பிரதி. கிரீசர்களுக்குச் சுமாரான அறை, சாதாரணப் பிரதி. பின்னாளில் நடிகர்களே சொன்ன செய்தி இது. படத்தில் இருக்கும் கடுப்பில் கொஞ்சமாவது நிஜமாக இருக்கக் காரணம் அதுவாக இருக்கலாம்.

பாணியை வர்க்கத்தின் சான்றிதழாக நம்பாதீர்கள். ‘குவாட்ரோஃபினியா’ (1979) படத்தில் ஜிம்மி என்ற அலுவலகக் கடைநிலைப் பையனுக்கு, தன் ‘மாட்’ கூட்டத்தின் நாயகன் மேல் அவ்வளவு மோகம்: அந்த உடை, அந்த ஸ்கூட்டர், அந்தத் திமிர். கடைசியில் பிரைட்டன் கடற்கரை ஹோட்டல் வாசலில் அதே நாயகன் சீருடையோடு விருந்தினரின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்க்கிறான். வாரக் கடைசிக்கு ஒரு வர்க்கம், வாரநாளுக்கு ஒரு வர்க்கம்.

பேச்சு வழக்கைக் கிண்டலுக்குப் பயன்படுத்தாதீர்கள். கோல்டிங்கின் ‘லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்’ (1954) நாவலில் பையன்கள் மாட்டிக்கொள்ளும் தீவில் பணமே கிடையாது. இருந்தும் மிட்டாய்க் கடைக்கார அத்தை வளர்த்த பிக்கியின் உச்சரிப்பும் இலக்கணப் பிழையும் மற்றப் பையன்களுக்கு அவன் எங்கிருந்து வந்தவன் என்று காட்டிக்கொடுத்துவிடுகின்றன. அவன் நிஜப் பெயரை ஒருவனும் கேட்பதில்லை. கேலி செய்வது பாத்திரங்கள். கோல்டிங் அவர்களோடு சேர்ந்து சிரிப்பதில்லை.

பெண்ணைத் தூதுக்கு மட்டும் அனுப்பாதீர்கள். செர்ரி இரு பக்கமும் போய்வருகிறாள், சண்டையின் விதிகளைச் சொல்கிறாள், சாட்சி சொல்கிறாள். அவளுக்கென்று ஒரு கதை இல்லை. ஒரு பெண் எழுதிய நாவலிலேயே இப்படி என்பது வருத்தம்.

சண்டையை வர்ணித்துக்கொண்டே போகாதீர்கள். யார் எங்கே குத்தினான் என்பது ஒரு பத்திக்கு மேல் யாருக்கும் நினைவிருக்காது.

வெற்றியைத் தீர்வாக்காதீர்கள். கிரீசர்கள் அந்தப் பெரிய சண்டையில் ஜெயிக்கிறார்கள். ஜெயித்த செய்தியோடு மருத்துவமனைக்கு ஓடினால், தீயிலிருந்து குழந்தைகளைக் காப்பாற்றி முதுகு முறிந்து கிடக்கும் ஜானிக்கு அது ஒன்றுமே இல்லை. அவன் இறந்ததும், அவனை உயிராக நினைத்த டாலி என்ற கிரீசர் குண்டு இல்லாத துப்பாக்கியைப் போலீசுக்கு முன் நீட்டிச் சுடப்பட்டுச் சாகிறான். ஒரே இரவில் மூன்றும் நடக்கின்றன. கைகுலுக்கலுக்கு அங்கே இடமில்லை.

கடைசியாக, உங்களுக்கே பதினாறு வயதென்றால் வயது வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஹின்டன் பதினைந்து வயதில் தொடங்கிப் பதினாறில் பெரும்பகுதியை எழுதினார். அந்த ஆண்டு அவருக்குப் பள்ளியில் படைப்பெழுத்துப் பாடத்தில் கிடைத்த மதிப்பெண் ‘டி’. பெண் எழுதியது என்று தெரிந்தால் விமர்சகர்கள் ஒதுக்கிவிடுவார்கள் என்று பதிப்பகம் நினைத்ததால் பெயர் முதலெழுத்துகளாகச் சுருங்கியது. புகழ் வந்த பிறகு அவருக்குச் சில ஆண்டுகள் எழுத்தே ஓடவில்லை. காதலர் (பின்னால் கணவர்) தினம் இரண்டு பக்கம் எழுதியே தீர வேண்டும் என்று நிபந்தனை போட்டார். அப்படி எழுதி முடித்த அடுத்த நாவல் 1971இல் வந்தது. தினம் இரண்டு பக்கம் என்பது பரீட்சைக் காலத்திலும் செய்யக்கூடியதுதான்.